பட்டறைப் பதில்கள்: பழைய காரின் சின்னச் சாமான்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். டிங்கரிங் முடிந்தது, பெயிண்ட் அடித்தாயிற்று, இன்ஜினும் ஓடுகிறது. பெட்டியில் கிடக்கும் சின்னம், பளபளப்புப் பட்டை, கைப்பிடித் தட்டு, தகடுகள் சேரும் இடுக்கில் வைக்கும் பீடிங், டயல் வளையம் இவற்றை மாட்டும்போதுதான் கை நடுங்குகிறது என்கிறார்கள். நடுங்குவது நியாயம்தான். மாதக்கணக்கில் உழைத்து ஏற்றிய பெயிண்டை அரை நிமிடத்தில் கீறிவிடக்கூடிய வேலை இது. முப்பது வருடமாகப் பட்டறையில் நான் அதிகம் செய்து வருவதும் இதே வேலைதான். அதனால் அந்தக் கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய 1950களின் காரைப் புதுப்பித்து வருகிறேன். பெயிண்ட் முடிந்துவிட்டது. குரோம் முலாம் போடக் கொடுத்த சாமான்களும் வந்துவிட்டன. ஆனால் பானெட் பக்கவாட்டில் மாட்டும் சின்னம் துளையில் இறங்க மறுக்கிறது. இதே காரில் இருந்து நானே கழற்றிய சின்னம்தான். மெல்லத் தட்டி இறக்கலாமா?

தட்டவே தட்டாதீர்கள். கட்டைவிரலால் அழுத்தவும் வேண்டாம். சின்னத்தை ஒரு துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் இதைப் படியுங்கள்.

அதே சின்னம், அதே துளை என்கிறீர்கள். இரண்டுமே இப்போது பழைய அளவில் இல்லை. துளையின் விளிம்பில் பிரைமரும் பெயிண்டும் ஏறி அது சுருங்கியிருக்கிறது. சின்னத்தின் முதுகில் நீட்டிக்கொண்டிருக்கிறதே, ஸ்டட் என்று சொல்கிற காம்பு, அது முலாம் ஏறிப் பருத்திருக்கிறது. குரோம் முலாம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று அடுக்கு இருக்கும். அடியில் செம்பு, அதன் மேல் நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே குரோமியம். குரோமியம் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கால், அரை அளவுக்குத்தான் இருக்கும். கனம் சேர்ப்பது செம்பும் நிக்கலும்தான். அரித்துக் குழி விழுந்த சாமான் என்றால் குழியை நிரப்பச் செம்பை இன்னும் தடிமனாக ஏற்றுவார்கள். முலாம் எல்லா இடத்திலும் ஒரே சீராகவும் ஏறாது. மின்சாரம் முனைகளிலும் விளிம்புகளிலும் குவியும், முலாமும் அங்கேதான் அதிகம் சேரும். உங்கள் காம்பு ஒரு முனை அல்லவா!

காம்பில் மரை இருந்தால் சிக்கல் இன்னும் கூடுதல். சாதாரணக் கம்பியில் 25 மைக்ரான் முலாம் ஏறினால் விட்டம் அதைப்போல இரண்டு மடங்கு கூடும். மரையில் சரிவான முகங்களில் ஏறுவதால் கணக்கு நான்கு மடங்காகிவிடும். அதாவது நட் பிடிக்கும் இடத்தில் 0.1 மில்லிமீட்டர் பருமன். பழைய நட் ஒரு சுற்று ஏறி அங்கேயே இறுகி நின்றுவிட இது போதும்.

அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் கையாலேயே கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருடம். மூன்று காம்பு உள்ள ஒரு சின்னம், மறுநாள் காலை காரை ஒப்படைக்க வேண்டும். இரண்டு காம்பு இறங்கிவிட்டது, மூன்றாவது ஓரத்தில் தட்டி நின்றது. உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காம்பு வளையக்கூட இல்லை, நேராக முறிந்துவிட்டது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. மேஸ்திரி பக்கத்தில் வந்து பார்த்தார். திட்டவில்லை. உடைந்த துண்டைத் தேடி எடுத்து என் கையில் வைத்து, “இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு” என்றார். அந்தத் துண்டு இன்னும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

அதற்குள் இருப்பது துத்தநாகம். அந்தக் காலத்துச் சின்னங்கள், கைப்பிடிகள், விளக்கு வளையங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவை. காம்பும் அதே வார்ப்பில் சேர்ந்தே வந்திருக்கும். இரும்புபோல வளைந்து கொடுக்கிற குணம் இதற்குக் கிடையாது. ஆரம்பகால வார்ப்புகளில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் போன்றவை கலந்திருந்தால் பல வருடத்தில் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வெடித்து, உப்பிவிடும். 1929இல் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் சுத்தமான துத்தநாகத்தைக் கொண்டு ஸமாக் என்ற கலவையை உருவாக்கிய பிறகுதான் நிலைமை தேறியது. உங்கள் கார் 50களைச் சேர்ந்தது என்பதால் உலோகம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் அது துத்தநாகம்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. துளையைச் சுற்றி மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். மெல்லிய உருண்டை அரத்தை வெளியிலிருந்து உள்ளே தள்ளும்போது மட்டும் ராவுங்கள். வெளியே இழுக்கும்போது அரம் விளிம்பில் படவே கூடாது. தள்ளும்போது அரம் பெயிண்டைத் தகட்டோடு சேர்த்து அமுக்கும். இழுக்கும்போது பெயிண்டின் உதட்டைப் பிடித்துத் தூக்கிவிடும். இந்த ஒரு பழக்கம் கையில் வந்துவிட்டால் பெயிண்ட் சிதறுவது பெரும்பாலும் நின்றுவிடும். ராவி முடித்ததும் வெளித்தெரிகிற தகட்டு விளிம்பில் மெல்லிய தூரிகையால் பிரைமர் தொட்டுவிட்டுக் காயவிடுங்கள். இதை விட்டுவிட்டால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும். சின்னத்துக்கு அடியில் ஆரம்பிப்பதால் கண்ணில் படுவதற்குள் பெயிண்டைத் தூக்கியிருக்கும்.

காம்பு மரை இல்லாத வெறும் குச்சி என்றால், உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, காம்பைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் பிடித்து மாற்றி மாற்றி இழுங்கள். மரை இருந்தால், மரை வெட்டும் டை என்ற கருவியைப் போட்டுத் திருகத் தோன்றும். துத்தநாகக் காம்புக்கு அது ஆபத்து, முறுக்கிலேயே முறிந்துவிடும். மரை அரத்தால் பொறுமையாக ராவுங்கள். முலாமுக்கு இன்னும் கொடுக்காதவர்கள், காம்புகளை மறைத்துவிட்டு முலாம் போடச் சொல்லி எழுதியே கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது தொட்டிக்குப் போகும்வரை நிற்பதில்லை.

எல்லாக் காம்பும் தன் எடையிலேயே துளையில் விழ வேண்டும். அப்படி விழுந்தால்தான் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சின்னத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர் அட்டை, பின்பக்கம் நைலான் வாஷர், அதன்மேல் அகலமான வாஷர், அப்புறம் நட். விரலால் முடிந்தவரை முடுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் போடுங்கள். வெளியே ஒருவர் சின்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே ஒருவர் முடுக்க வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு காம்பு முறிந்திருந்தால் வெல்டிங் பக்கம் போக வேண்டாம். இந்தக் கலவை 385 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும், முன்பக்க முலாமும் கெட்டுப்போகும். காம்பு இருந்த இடத்தில் முதுகுப் பக்கம் சின்னதாகத் துளையிட்டு, அதில் 3 மில்லிமீட்டர் மரை வெட்டி, பித்தளை மரைக் கம்பி ஒன்றை எபாக்ஸி பசை தடவித் திருகி நிறுத்துங்கள். சின்னத்தின் கனத்தை முதலில் அளந்து, அதில் பாதி ஆழத்துக்கு டிரில் பிட்டில் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் இல்லாமல் போட்டால் டிரில் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிடும்.

இன்னும் பெயிண்ட் அடிக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தகடு வெறுமையாக இருக்கும்போதே எல்லாச் சாமான்களையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஒரு நாள் வேலைதான். அன்றைக்கு எந்தத் துளையையும் பயமில்லாமல் ராவலாம், நகர்த்தலாம், அடைக்கலாம்.

கேள்வி: 1929 ஃபோர்ட் மாடல் ஏ ஒன்றைப் புதுப்பிக்கிறோம். ரேடியேட்டர் கூட்டுக்கும் விளக்குக்கும் குரோம் போட்டால் நன்றாக மின்னும் என்கிறார் முலாம் போடுபவர். போடலாமா?

போட வேண்டாம். 1928, 29 மாடல் ஏ கார்களில் அந்த இடங்களில் இருந்தது நிக்கல். 1930, 31இல் ஃபோர்ட் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறிவிட்டது. இரண்டிலும் குரோமியத்துக்கு இடமில்லை. அதற்கு முந்தைய மாடல் டி என்றால் 1916 வரை ரேடியேட்டர் பளபளக்கும் பித்தளை, 1917இலிருந்து கறுப்புப் பெயிண்ட். குரோமியம் கார்களில் பரவத் தொடங்கியதே 1920களின் பின்பாதியில்தான். காரின் வருடத்தைத் தெரிந்துகொண்டு அதற்குரிய உலோகத்தைத்தான் போட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிக்கல் லேசான மஞ்சள் சாயலோடு இதமாக மின்னும், குரோமியம் நீலம் கலந்து சில்லென்று மின்னும். 29ஆம் வருடக் காரின் முகத்தில் அந்த நீலப் பளபளப்பு விழுந்தால் வயது தெரிந்தவர் கண்ணை உடனே உறுத்தும். நிக்கல் மங்கும் என்பது உண்மைதான். மெல்லிய மெழுகு தடவி, மாதம் ஒருமுறை மென்மையான துணியால் துடைத்தால் போதும். அப்புறம், நிக்கல் போட்டாலும் பழைய இரும்புத் திருகுகளைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அவற்றுக்கும் அதையே போடச் சொல்லுங்கள். கூடு நிக்கலாக இருந்து, அதைப் பிடிக்கும் திருகு கடையில் வாங்கிய வெள்ளைத் துத்தநாகமாக இருந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

கேள்வி: பிரிட்டிஷ் கார், 1940களின் பிற்பகுதி. டேஷ்போர்டுத் திருகுகள் சில தொலைந்துவிட்டன. ஐந்து மில்லிமீட்டர் திருகு ஒன்று நன்றாகவே இறங்குகிற மாதிரி தெரிகிறது, இரண்டு சுற்றுக்கு அப்புறம் இறுகுகிறது. எண்ணெய் விட்டு ஏற்றிவிடலாமா?

எண்ணெயை மூடி வையுங்கள். உங்கள் காரில் இருப்பது பெரும்பாலும் 2 பி.ஏ. மரை, அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற பழைய அளவு முறையில் வந்த மரை. பிரிட்டிஷ் கார்களில் டேஷ்போர்டு, விளக்கு, சுவிட்ச் போன்ற சின்ன இடங்களில் எல்லாம் பி.ஏ. மரைதான் அதிகம். 2 பி.ஏ.யின் விட்டம் 4.7 மில்லிமீட்டர், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.81. நீங்கள் ஏற்றப் பார்க்கும் மெட்ரிக் திருகின் விட்டம் 5, இடைவெளி 0.8. அமெரிக்க 10-32 திருகு என்றால் 4.83, இடைவெளி 0.79. மூன்றும் அண்ணன் தம்பிபோலக் கண்ணுக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். மரையின் கோணத்தைப் பாருங்கள். பி.ஏ.யில் 47.5 டிகிரி, மற்ற இரண்டிலும் 60. கோணம் ஒத்துவராதபோது ஒன்று மற்றொன்றைச் செதுக்கிக்கொண்டுதான் உள்ளே போகும். உள்ளே இருப்பது பித்தளை என்றால் மரை மழுங்கி, அந்த இடத்தில் இனி எந்தத் திருகும் நிற்காது.

மரை அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தகடு தகடாக விசிறிபோல விரியும். பழைய திருகில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரியாத தகடு எதுவோ அதுதான் உங்கள் மரை. ஒரே ஒரு பழைய திருகு கையில் இருந்தாலும் போதும்.

திருகின் தலையையும் கவனியுங்கள். நட்சத்திரம் போட்ட பிலிப்ஸ் தலை கார் தயாரிப்புக்குள் வந்தது 1936இல், கெடிலாக்கில். அதற்கு முந்தைய எந்தக் காரிலும் அதை மாட்டக் கூடாது. பிரிட்டிஷ் கார்களில் அதற்குப் பிறகும் பல வருடம் ஒற்றை வெட்டுத் தலைதான் இருந்தது. ஒற்றை வெட்டுக்குத் திருப்புளி நுனி வெட்டின் அகலத்தையும் நீளத்தையும் முழுசாக நிரப்ப வேண்டும். என்னிடம் இருக்கிற திருப்புளிகளில் பாதி நானே அந்தந்தத் திருகுக்கென்று நுனியைத் தீட்டி வைத்தவை. நுனி லூசாக இருந்தால் நழுவும், நழுவினால் நேராகப் பெயிண்டில்தான் இறங்கும்.

டேஷ்போர்டின் பின்னால் கை விடுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பழைய கார்களில் மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரில் சாவி போடாதபோதும் மின்சாரம் இருக்கும்.

கேள்வி: சின்னத்தை சிலிகான் பசையால் ஒட்டிவிட்டால் துளை, நட் எதுவும் வேண்டாமே?

காம்போடு பிறந்த சின்னத்தைக் காம்பால்தான் நிறுத்த வேண்டும். தண்ணீர் புகாமலிருக்கக் காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பசை வைப்பது சரி. ஆனால் வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டவே வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், தகட்டையும் துத்தநாகத்தையும் அரிக்கும். அமிலம் விடாத வகை என்று உறையில் போட்டிருப்பதையோ, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் பட்டையையோ பயன்படுத்துங்கள். பியூட்டைல் காய்ந்து இறுகாது, நாளைக்குக் கழற்ற வேண்டியிருந்தாலும் பெயிண்டோடு வராது.

கேள்வி: கதவின் வெளித்தகடு முழுதும் மட்கிப்போனதால் புதுத் தகடு போட்டோம். பக்கவாட்டுப் பட்டைக்கான கிளிப் துளைகள் எல்லாம் போய்விட்டன. எங்கே துளை போடுவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல வேளை, துளை போடுவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள்.

எதிர்ப்பக்கக் கதவு பழைய தகடாக இருந்தால் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை அந்தக் கதவில் ஒட்டி, துளைகளைப் பேனாவால் குறியுங்கள். துளையை மட்டும் குறித்தால் பயனில்லை. கதவின் முன் விளிம்பு, பின் விளிம்பு, உடலில் ஓடும் மடிப்புக் கோடு மூன்றையும் சேர்த்து வரையுங்கள். தாளைப் புரட்டி இந்தப் பக்கம் அந்த மூன்று கோடுகளுக்குப் பொருத்தினால் துளை எங்கே விழும் என்று தெரியும்.

ஆனால் இது ஆரம்பம் மட்டும்தான். பழைய கார்களின் உடல் நிறையக் கைவேலை. இடமும் வலமும் அச்சு அசலாக இருக்காது, சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை நானே பலமுறை அளந்திருக்கிறேன். அதனால் தாள் காட்டிய இடத்தில் உடனே டிரில்லை வைக்காமல், முன் மட்கார்டில் தொடங்கிப் பின்பக்கம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். அந்த நூலுக்குக் கீழே மெல்லிய டேப்பை ஓடவிட்டுப் பத்தடி தள்ளிப்போய் நின்று பாருங்கள். குந்தி உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை, காரின் மூலையிலிருந்து ஒருமுறை. அளவுகோல் சரி என்று சொல்லி, கண் சரியில்லை என்று சொன்னால் நான் கண் பக்கம்தான் நிற்பேன். பட்டையை நாளைக்குப் பார்க்கப்போவது கண்தானே!

இன்னொன்று முக்கியம். கதவு இடைவெளி எல்லாம் சரிசெய்து, கீல் போல்ட்டைக் கடைசியாக முடுக்கிய பிறகுதான் இந்த வேலை. பட்டையை மாட்டிவிட்டுப் பிறகு கதவை இரண்டு மில்லிமீட்டர் தூக்கினால், மட்கார்டுப் பட்டையும் கதவுப் பட்டையும் படிக்கட்டு மாதிரி நிற்கும்.

பட்டையில் நிலையான காம்பு இருந்தால் அதன் நுனியில் துளி ஈரப் பெயிண்ட் தொட்டு, தகட்டில் ஒட்டிய டேப்பின் மேல் மெல்ல ஒற்றுங்கள். புள்ளி விழுந்த இடமே துளை. சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் லேசாகக் குறித்து, 2 மில்லிமீட்டர் டிரில்லில் முதலில் போட்டு, பிறகு பெரிதாக்குங்கள். 4 மில்லிமீட்டர் காம்புக்கு 5 மில்லிமீட்டர் துளை வைத்தால் அப்படி இப்படி நகர்த்த இடம் கிடைக்கும். பட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போகாதீர்கள். கண்ணாடி கதவுக்குள் இறங்கியிருந்தால் முழுசாக மேலே ஏற்றிவிட்டு, டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்து, அரை அங்குலம் மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். துளை விழுந்த வேகத்தில் டிரில் முன்னால் பாய்ந்தாலும் மரம் தடுத்துவிடும். இரும்புத் தூளை அன்றைக்கே கதவின் அடியிலிருந்து ஊதியோ காந்தம் வைத்தோ எடுத்துவிடுங்கள். அடித்தட்டில் தங்கினால் புதுத் தகட்டை அது துருப்பிடிக்க வைக்கும்.

கிளிப் அழுத்தி உள்ளே போகிற ஸ்பிரிங் வகை என்றால் அதன் காதுகள் துளையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே போகும். அதனால் கிளிப்பை மெழுகில் தோய்த்து மாட்டுவது என் வழக்கம். துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வெறும் தகட்டைத் தொட்டபடி ஈரத்தில் இருந்தால் துருப்பிடிப்பது பட்டை அல்ல, தகடுதான். நடுவே மெழுகோ நைலானோ இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான்.

கடைசியில் கதவைத் திறக்கும்போது அவசரப்படாதீர்கள். பட்டையின் முன் நுனிக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு தடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு, இன்னொருவர் கதவை மெல்ல மெல்லத் திறக்கட்டும். காகிதம் கவ்விக்கொண்டால் நுனியை ராவ வேண்டும். காகிதம் வைக்காமல் முதல் தடவை திறந்தால் அந்த நுனி மட்கார்டுப் பெயிண்டை உரித்துக் காட்டித்தான் உங்களுக்குச் சொல்லும்.

கேள்வி: மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவே வரும் பீடிங் போல்ட் முடுக்கியதும் அலை அலையாக நெளிகிறது. என்ன தப்பு?

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, பீடிங்கின் வாலில், அதாவது இடுக்குக்குள் போகும் தட்டைப் பகுதியில், போல்ட் வரும் இடத்தில் துளை போட்டிருப்பீர்கள். துளைக்குப் பதிலாகக் கீழ் விளிம்பு வரை திறந்த, கவிழ்த்த ‘ப’ வடிவ வெட்டு வெட்டுங்கள். துளை போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், முடுக்கும்போது போல்ட்டோடு சேர்ந்து பீடிங்கும் இழுபடும். திறந்த வெட்டு என்றால் பீடிங்கை மேலே ஏற்றலாம், இறக்கலாம்.

இரண்டு, ஒரு ஓரத்திலிருந்து முழுசாக முடுக்கிக்கொண்டே போயிருப்பீர்கள். எல்லா போல்ட்டையும் கையால் தளர்வாகப் போட்டு, மட்கார்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்கும்போது பீடிங்கை உள்ளே விடுங்கள். நடுவில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி, அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பீடிங்கின் உருண்டையை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். எங்கே உயரம் மாறுகிறதோ அங்கே விரல் சொல்லிவிடும். குளிரில் பீடிங் விறைப்பாக இருந்தால் வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பெயிண்ட் புதுசு என்றால் சில வாரமாவது ஆறவிட்டுத்தான் இறுக்க வேண்டும். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே மென்மையாக இருக்கும், பீடிங்கின் தடம் அப்படியே பதிந்துவிடும்.

கேள்வி: கடிகார டயலின் முள்ளிலும் எண்ணிலும் பழுப்பாக ஏதோ பூச்சு உதிர்கிறது. குரோம் வளையத்தைக் கழற்றிச் சுரண்டிவிட்டுப் புதுசாகப் பூசலாமா?

வேண்டாம், தயவுசெய்து சுரண்டாதீர்கள். பழைய டயல்களில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சைப் பூசியதுண்டு. இப்போது ஒளிரவில்லை என்பதால் அது அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போனது ஒளிரும் பொருள்தான். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும். கண்ணாடிக்குள் மூடியிருக்கும்வரை உதிர்ந்த தூள் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் போகும் ஆபத்து இல்லை. திறந்து சுரண்டினால்தான் அந்தத் தூள் உடம்புக்குள் போகும். வளையத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பாலிஷ் செய்யுங்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் இதற்கென்று பயிற்சி பெற்ற கருவிப் பழுதுபார்ப்பவரிடம் மூடியபடியே கொடுங்கள்.

கேள்வி: ரேடியேட்டரின் மேல் இருக்கும் எனாமல் சின்னத்தில் நீலத்தில் ஒரு சில்லு உதிர்ந்துவிட்டது. அதையும் மற்றதோடு முலாமுக்குக் கொடுத்து, எனாமலைப் புதுசாகப் போடச் சொல்லலாமா? அல்லது நகல் வாங்கி மாட்டிவிடலாமா?

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் ஆசை. அந்த நீலம் பெயிண்ட் அல்ல, கண்ணாடி. பொடித்த கண்ணாடியைச் செம்புத் தகட்டின் பள்ளத்தில் நிரப்பி, 800 டிகிரி அளவில் சூளையில் உருக்கிச் செய்தது. மறுபடி சூளையில் வைத்தால் பின்பக்கம் பற்றாசு வைத்து ஒட்டியிருக்கும் காம்பு கழன்று விழும், மிச்சமிருக்கும் பழைய கண்ணாடியும் வெடிக்கலாம். முலாம் தொட்டிக்கு முன்னால் போடும் அமிலமும் எனாமலின் பளபளப்பைத் தின்றுவிடும்.

சில்லு போன இடத்தை மட்டும் நிறம் கலந்த எபாக்ஸியால் நிரப்பலாம். பள்ளத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, ஊசி முனையில் துளித் துளியாக விட்டு, சுற்றியிருப்பதைவிட ஒரு மயிரிழை உயரமாக நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்து மிக நைசான ஈர உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் சமப்படுத்துங்கள். பக்கத்துக் கண்ணாடியில் தாள் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் கலக்க வேண்டும். குழல் விளக்கின் கீழே கலந்தால் வெளியே வரும்போது வேறு நீலமாகத் தெரியும்.

மாட்டும்போது சின்னம் லேசாகக்கூட வளையக் கூடாது, வளைந்தால் கண்ணாடி தெறிக்கும். ரேடியேட்டர் கூடு வளைவாகவும் சின்னம் தட்டையாகவும் இருந்தால் முடுக்கி வளைக்காதீர்கள். ரப்பர் அட்டையை ஓரத்தில் தடிப்பாகவும் நடுவில் மெல்லிதாகவும் வெட்டி அந்த இடைவெளியை நிரப்புங்கள். அடியில் ஒரு மெல்லிய காகிதத்தை நாலு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவுக்குத் தடைபட்டால் சின்னம் சமமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு நட்டைத் தொட வேண்டாம்.